காசு ஒருவர், குடியிருப்பு இன்னொருவர்: பங்குக்கு வீடு வாங்கும் முன் எழுத வேண்டியவை

எமது குடும்பங்களில் வீடு ஒருவருடைய காசில் மட்டும் வாங்கப்படுவது குறைவு. முற்பணத்தில் ஒரு பகுதி அண்ணன் தந்தது, ஒரு பகுதி சீட்டுக் காசு, ஒரு பகுதி லண்டனில் இருக்கும் மாமா அனுப்பியது என்றுதான் பல வீடுகள் எழும்பியிருக்கின்றன. நியூ ஜேர்சியிலும் கலிபோர்னியா வளைகுடாப் பகுதியிலும் ரெக்சாசிலும் வீட்டு விலை இருக்கும் நிலையில், பிந்தி வந்த குடும்பம் ஒன்று தனியாக 20 வீத முற்பணத்தைச் சேர்ப்பது பெரும்பாடு. ஆகவே உறவுகள் கை கொடுக்கின்றன. அதில் குறை சொல்ல எதுவும் இல்லை.

ஆனால் அந்தக் காசு என்ன காசு என்பதை எவரும் தெளிவாகச் சொல்வதில்லை. கடனா, அன்பளிப்பா, வீட்டில் பங்கா? கொடுத்தவர் மனதில் ஒன்று, வாங்கியவர் மனதில் ஒன்று. வீடு விற்கும் நாளில்தான் இரண்டும் நேருக்கு நேர் சந்திக்கின்றன. கணக்குப் பார்க்கும் தொழிலில் இருக்கும் நாங்கள் இந்தச் சந்திப்பைப் பல தடவை கண்டிருக்கிறோம். கூடப் பிறந்தவர்கள் ஒருவர் வீட்டுச் செத்த வீட்டுக்கு மற்றவர் போகாமல் இருக்கும் அளவுக்கு அது முற்றியதும் உண்டு. ஆகவே, காசு போடுபவர் ஒருவரும் குடியிருப்பவர் இன்னொருவருமாகச் சேர்ந்து வீடு வாங்கும் முறையை இங்கே விளக்கமாகப் பார்ப்போம்.

எமக்குப் புதிய சங்கதி அல்ல

ஊரில் ஒற்றி என்றால் எல்லோருக்கும் தெரியும். காசு கொடுத்தவர் வட்டிக்குப் பதிலாகக் காணியை ஆண்டு அனுபவிப்பார். காசு திரும்பியதும் காணி திரும்பும். அதேபோல எமது காணி உறுதிகளில் ‘பிரிபடாத பங்கு’ என்ற சொல்லும், கிணற்றுப் பங்கும் வழிவாய்க்கால் உரிமையும் எழுதப்பட்டிருப்பதைப் பார்த்துத்தான் வளர்ந்தோம். ஒரு காணிக்குப் பல சொந்தக்காரர் இருப்பதும், ஒருவர் இருந்து மற்றவர் வெளியில் இருப்பதும் எமக்குப் பழகிய விடயம்.

அமெரிக்காவில் இந்த முறை பெருமளவில் பேசப்பட்டது 1980களின் தொடக்கத்தில். 1981 ஒக்ரோபரில் 30 வருட வீட்டுக் கடனின் சராசரி வட்டி 18 வீதத்தையும் தாண்டியது. சம்பளத்தை மட்டும் நம்பி வீடு வாங்க முடியாத நிலையில், ஒருவர் முற்பணம் போட இன்னொருவர் குடியிருந்து மாதக் கட்டணம் கட்டும் ஒப்பந்தங்கள் பரவின. அதே 1981 இல் காங்கிரஸ் வருமான வரிச் சட்டத்தின் 280ஏ பிரிவில் இந்த ஒப்பந்தத்துக்கென்றே ஒரு விதியைச் சேர்த்தது. அந்த விதி இன்றும் நடைமுறையில் உள்ளது. ஒற்றியில் காசு போட்டவர் காணிக்குள் இருப்பார். இங்கே காசு போட்டவர் வெளியில், குடியிருப்பவர் உள்ளே. இலாபமும் நட்டமும் இருவருக்கும்.

ஒரே வீடு, மூன்று விடைகள்

ஒரு கற்பனைக் கணக்கை எடுப்போம். நியூ ஜேர்சி எடிசனில் 6,00,000 டொலர் வீடு. 20 வீத முற்பணம் 1,20,000. இதில் ஹூஸ்டனில் இருக்கும் அண்ணன் 90,000 போடுகிறார், குடியிருக்கப் போகும் தங்கை குடும்பம் 30,000 போடுகிறது. மிகுதி 4,80,000 வங்கிக் கடன், 6.5 வீத வட்டி, 30 வருடம். மாதத் தவணை சுமார் 3,034 டொலர். அதையும் வீட்டு வரியையும் காப்புறுதியையும் தங்கை குடும்பமே கட்டுகிறது.

ஏழு வருடத்தின் பின் வீடு 7,50,000 டொலருக்கு விற்கிறது. விற்பனைச் செலவு 6 வீதம், அதாவது 45,000. அப்போது கடன் மிகுதி சுமார் 4,34,000. கையில் வருவது 2,71,000 டொலர்.

அண்ணன் சொல்கிறார்: “முற்பணத்தில் நாலில் மூன்று பங்கு என்னுடையது. ஆகவே 2,03,250 டொலர் எனக்கு.” தங்கை சொல்கிறார்: “84 மாதம் தவணை கட்டினது நாங்கள். அண்ணை தந்த 90,000 ஐத் திருப்பித் தருகிறோம்.” இருவரும் பொய் சொல்லவில்லை. இருவர் கணக்கிலும் நியாயம் உண்டு. இடையில் உள்ள வித்தியாசம் 1,13,250 டொலர்.

எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் வழக்கமாக இப்படிப் போகும். முதலில் அவரவர் போட்ட முதல் திரும்பும்: அண்ணனுக்கு 90,000, தங்கைக்கு 30,000. தவணையில் கடன் முதல் குறைந்த தொகை சுமார் 46,000. அதைக் கட்டியவர் தங்கை, ஆகவே அது தங்கைக்கு. மிஞ்சுவது 1,05,000 இலாபம். முன்கூட்டியே 40க்கு 60 என்று எழுதியிருந்தால் அண்ணனுக்கு 42,000, தங்கைக்கு 63,000. மொத்தத்தில் அண்ணன் 1,32,000, தங்கை 1,39,000.

விலை இறங்கினால்? 5,40,000 க்கு விற்றதாக வைப்போம். செலவும் கடனும் போக மிஞ்சுவது 73,600. இருவரும் உள்ளே போட்டது 1,66,000. நட்டம் 92,400. அதே 40க்கு 60 என்றால் அண்ணனுக்கு 53,040, தங்கைக்கு 20,560 தான் திரும்பும். இலாபத்துக்கு ஒரு கணக்கு, நட்டத்துக்கு வேறு கணக்கு என்று மனதுக்குள் வைத்திருப்பவர்கள் முதல் நாளே அதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

40க்கு 60 என்பது சட்டம் அல்ல. அது பேரம். குடியிருப்பவர் கட்டும் வட்டியும் வரியும் வாடகைக்குச் சமன் என்று பார்ப்பவர்கள் காசு போட்டவருக்குக் கூடுதல் வீதம் கேட்பார்கள். புல் வெட்டுவதும் கூரை பார்ப்பதும் குடியிருப்பவர் என்று பார்ப்பவர்கள் குறைவான வீதம் கேட்பார்கள். எந்த வீதமும் சரிதான், எழுதிக் கையெழுத்து வைத்தால்.

அன்பளிப்புக் கடிதம் என்ற கண்ணி

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதென்றால் இதை வையுங்கள். உறவினரிடமிருந்து முற்பணம் வந்தால் வங்கி ஒரு அன்பளிப்புக் கடிதம் கேட்கும். ‘இது அன்பளிப்பு, திருப்பிக் கொடுக்கத் தேவையில்லை’ என்று கொடுப்பவர் அதில் கையெழுத்து வைக்க வேண்டும். எம்மவர் பலர் அதை வெறும் படிவமாக நினைத்து ஒப்பமிட்டுவிட்டு, வெளியில் ‘வீட்டில் எனக்குப் பாதி’ என்று வாய்ப்பேச்சில் முடிக்கிறார்கள்.

அது வெறும் படிவம் அல்ல. வீட்டுக் கடனுக்காக வங்கிக்குத் தெரிந்தே பொய்யான தகவல் கொடுப்பது பெடரல் குற்றம். உச்சத் தண்டனை 30 வருடச் சிறையும் 10 இலட்சம் டொலர் அபராதமும். சாதாரண குடும்பங்கள் அந்த உச்சத்துக்குப் போவது அரிது. ஆனாலும் இன்னும் பிரஜையாகாத எம்மவருக்கு இதில் இரட்டை ஆபத்து உண்டு. 10,000 டொலருக்கு மேல் நட்டம் உண்டாக்கிய மோசடிக் குற்றம் குடிவரவுச் சட்டத்தில் பாரதூரமான குற்றமாக எண்ணப்படும். கிரீன் கார்ட் உள்ளவரையும் நாடு கடத்த அது காரணமாகலாம். தஞ்சம் கேட்டு வந்து, பதினைந்து வருடம் கழித்து ஒரு வீட்டுக் கடிதத்தால் அந்தத் தஞ்சத்தை ஆபத்தில் வைப்பதா?

அத்துடன், பிணக்கு வந்து நீதிமன்றம் போனால் அந்தக் கடிதமே காசு கொடுத்தவருக்கு எதிரான முதல் சாட்சி. ‘அன்பளிப்பு என்று நீரே எழுதினீர்’ என்றால் பதில் இல்லை. ஆகவே அன்பளிப்பு என்றால் உண்மையிலேயே அன்பளிப்பாகக் கொடுங்கள். பங்கு என்றால் தொடக்கத்திலேயே வங்கிக்குச் சொல்லி, உறுதியில் பெயரை ஏற்றுங்கள். பங்காளியையும் சேர்த்துக் கடன் தரும் வழிகள் வங்கிகளிடம் உண்டு. அப்படிக் கடனிலும் பெயர் ஏறினால், அந்தக் கடன் காசு போடுபவருடைய கடன் கணக்கிலும் விழும் என்பதை அவர் அறிந்திருக்க வேண்டும்.

வீட்டை வாங்கிய பின் மெதுவாகப் பெயரைச் சேர்ப்போம் என்பதும் பாதுகாப்பான வழி அல்ல. பெரும்பாலான கடன் பத்திரங்களில், உரிமை கைமாறினால் முழுக் கடனையும் உடனே கேட்கலாம் என்ற நிபந்தனை உண்டு. 1982 ஆம் ஆண்டின் கார்ன்–சென்ட் ஜெர்மெயின் சட்டம் அதற்குச் சில விலக்குகள் தருகிறது. மனைவி, கணவன், பிள்ளைகளுக்கு மாற்றுவது அவற்றில் அடங்கும். அண்ணன், தம்பி அந்த விலக்கில் இல்லை.

உறுதியில் எந்தப் பெயர், எந்த முறை

இருவர் பெயரில் உறுதி எழுதும்போது இரண்டு முறைகள் உண்டு. ஜொயின்ட் ரெனன்சி என்றால் ஒருவர் இறந்ததும் அவர் பங்கு தானாகவே மற்றவருக்குப் போய்விடும். இறந்தவரின் மனைவி பிள்ளைகளுக்கு எதுவும் இல்லை. ரெனன்சி இன் கொமன் என்றால் அவரவர் பங்கு அவரவர் வாரிசுக்கு. பங்கு சமமாக இருக்கவும் தேவையில்லை. இது எமது பிரிபடாத பங்குக்கு நிகர். காசு போடுபவருக்கும் குடியிருப்பவருக்கும் பொருந்துவது இரண்டாவதுதான். முதலாவதை யோசிக்காமல் தெரிவு செய்தால் அண்ணனின் விதவைக்கு 90,000 டொலரும் இல்லை, வீடும் இல்லை.

எந்தப் பங்காளியும் நீதிமன்றம் போய் வீட்டைப் பிரிக்கவோ விற்கவோ கேட்கலாம். ஊரிலும் 1977 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கப் பிரிவினைச் சட்டம் இதைத்தான் செய்கிறது. வீட்டை நடுவால் வெட்ட முடியாது. ஆகவே அது விற்பனையில் முடியும். தேசவழமையில் இதற்கு ஒரு மருந்து இருந்தது. ஒரு பங்காளி விற்க வந்தால் மற்றப் பங்காளிகளிடம் முதலில் கேட்க வேண்டும். 1947 ஆம் ஆண்டின் 59 ஆம் இலக்கச் சட்டம் அந்த உரிமையை எழுத்தில் வகுத்தது. கலிபோர்னியா 2023 முதல் இதற்குக் கிட்டிய ஒரு வழியைத் தருகிறது: பிரிவினை ஒப்பந்தம் இல்லாத இடத்தில் ஒருவர் விற்கக் கேட்டால், மற்றவர் மதிப்பிட்ட விலைக்கு அந்தப் பங்கை வாங்கலாம். மற்ற மாநிலங்களில் சட்டத்தை நம்பியிராமல் ஒப்பந்தத்திலேயே இந்த உரிமையை எழுதிவிடுங்கள்.

வரிக் கணக்கு

பங்காளி ஒருவர் அந்த வீட்டில் வசித்தால், அது மற்றப் பங்காளியின் சொந்தப் பாவனையாகவே வரிச் சட்டத்தில் எண்ணப்படும். அதனால் காசு போட்டவருக்கு வாடகை வீட்டுக்கான கழிவுகள் கிடையா. 280ஏ பிரிவின் விதி இதற்கு விலக்குத் தருகிறது. நிபந்தனைகள்: எழுத்தில் ஒப்பந்தம் இருக்க வேண்டும். இருவருக்கும் முழு வீட்டிலும் 50 வருடத்துக்கு மேற்பட்ட பிரிபடாத உரிமை இருக்க வேண்டும். குடியிருப்பவருக்கு அது பிரதான வீடாக இருக்க வேண்டும். மற்றவரின் பங்குக்கு அவர் நியாயமான வாடகை கட்ட வேண்டும்.

மேற்சொன்ன வீட்டின் நியாய வாடகை 3,500 டொலர் என்றால், அண்ணனின் 40 வீதத்துக்குத் தங்கை 1,400 கட்டுவார். அண்ணன் அதை வருமானமாகக் காட்டி, தன் பங்குத் தவணை, வரி, காப்புறுதியைக் கட்டுவார். தன் பங்குக் கட்டடப் பெறுமதியை 27.5 வருடத்தில் தேய்மானமாகக் கழிப்பார். அப்படி நடத்தினால், கடன் குறைந்த 46,000 முழுவதும் தங்கைக்கு என்ற முந்திய கணக்கு மாறும். அதில் அண்ணனின் தவணைப் பங்கு அண்ணனுக்குப் போகும். இரண்டு முறையையும் கலக்காதீர்கள்.

விற்கும்போது, ஐந்து வருடத்தில் இரண்டு வருடமாவது குடியிருந்த தங்கை தன் பங்கு இலாபத்தில் 2,50,000 டொலர் வரை, கணவன் மனைவி சேர்ந்து தாக்கல் செய்தால் 5,00,000 வரை, வரி விலக்குப் பெறலாம். அண்ணனுக்கு அந்த விலக்கு இல்லை. அவர் மூலதன இலாப வரியும், கழித்த தேய்மானத்துக்கு 25 வீதம் வரையான வரியும் கட்ட வேண்டும்.

காசு போடுபவர் ரொறன்ரோவிலோ லண்டனிலோ இருந்தால் இன்னும் கவனம் தேவை. வெளிநாட்டவர் பங்கை விற்கும்போது, பொது விதியாக விற்பனைத் தொகையில் அவர் பங்கின் 15 வீதம் ஐ.ஆர்.எஸ். இற்காகப் பிடித்து வைக்கப்படும். இலாபத்தில் அல்ல, விலையில். வரி குறைவென்றால் பின்னர் படிவம் போட்டுத் திருப்பி எடுக்கலாம், ஆனால் காத்திருக்க வேண்டும். உண்மையான அன்பளிப்பாக வெளிநாட்டவர் ஒருவரிடமிருந்து வருடத்தில் 1,00,000 டொலருக்கு மேல் வந்தால், வரி இல்லாவிட்டாலும் 3520 என்ற படிவத்தில் அறிவிக்க வேண்டும். அறிவிக்காவிட்டால் அபராதம் கடுமை.

மாநிலத்துக்கு மாநிலம்

நியூ ஜேர்சியில் ஆண்டு வீட்டு வரியின் சராசரி 2024 இல் 10,000 டொலரைத் தாண்டியது. ஏழு வருடத்தில் அது இன்னொரு முற்பணம் அளவு. அதை யார் கட்டுவது, கட்டியவருக்கு அது கணக்கில் வருமா என்பதை எழுதாமல் விடக் கூடாது.

கலிபோர்னியாவில் 1978 ஆம் ஆண்டின் 13 ஆம் முன்மொழிவு காரணமாக வரிப் பெறுமதி வருடத்துக்கு 2 வீதத்துக்கு மேல் ஏறாது. ஆனால் உரிமை கைமாறும் பங்கு புதிய விலைக்கு மதிப்பிடப்படும். பத்து வருடத்தின் பின் தங்கை அண்ணனின் 40 வீதத்தை வாங்கினால், அந்த 40 வீதத்துக்கு வரி கூடும். அதையும் கணக்கில் வைத்தே பங்கை வாங்க வேண்டும்.

ரெக்சாசில் மாநில வருமான வரி இல்லை, ஆனால் வீட்டு வரி பாரம். குடியிருப்பவர்களுக்கான பாடசாலை வரி விலக்கு 2023 இல் 1,00,000 டொலராகவும் 2025 இல் 1,40,000 டொலராகவும் உயர்ந்தது. அந்த விலக்கு குடியிருப்பவருக்கு உரியது, வெளியில் இருக்கும் பங்காளிக்கு அல்ல. ரெக்சாஸ் அரசியலமைப்பு, குடியிருக்கும் வீட்டின் மேல் எடுக்கும் ஈக்விற்றிக் கடனை, மொத்தக் கடன் பெறுமதியின் 80 வீதத்துக்குள் இருக்கும்படி கட்டுப்படுத்துகிறது. ஆனால் பங்காளியின் பங்கை வாங்குவதற்கு ஓவல்ரி என்ற தனி வழி அங்கே உண்டு. அது அந்தக் கட்டுப்பாட்டுக்குள் வராது. ரெக்சாசில் உள்ளவர்கள் சட்டத்தரணியிடம் அந்தச் சொல்லைச் சொல்லிக் கேளுங்கள்.

உறவு இல்லாவிட்டால்

காசு போட அண்ணன் இல்லாதவர்களுக்கு அரசும் நிறுவனங்களும் உண்டு. 2023 மார்ச்சில் கலிபோர்னியா தொடங்கிய ‘ட்ரீம் ஃபோர் ஓல்’ திட்டம் வீட்டு விலையில் 20 வீதம் வரை கொடுத்தது. மாதத் தவணை இல்லை. விற்கும்போது முதலும், விலை ஏற்றத்தில் 20 வீதமும் திருப்ப வேண்டும். 6,00,000 டொலர் வீட்டுக்கு 1,20,000 எடுத்து 7,50,000 க்கு விற்றால், திருப்புவது 1,50,000. சுமார் 30 கோடி டொலர் 11 நாளில் முடிந்தது. 2024 முதல் குலுக்கல் முறையும், முதல் தலைமுறை வீடு வாங்குபவர் என்ற நிபந்தனையும் வந்தன. பெற்றோருக்கு அமெரிக்காவில் வீடு இருக்கக் கூடாது என்பதே அந்த நிபந்தனையின் மையம். அமெரிக்காவில் என்பதைக் கவனியுங்கள். சாவகச்சேரியில் கூரையில்லாமல் நிற்கும் அப்பாவின் வீடு இதில் சேராது. வாடகை வீட்டில் வளர்ந்த எமது பிள்ளைகள் பலர் இதற்குத் தகுதி பெறக் கூடும்.

வளைகுடாப் பகுதியில் 2015 இல் தொடங்கிய லாண்டட் என்ற நிறுவனம் ஆசிரியர்களுக்கு முற்பணத்தில் பாதி போட்டது. விலையில் 10 வீதம் போட்டால் இலாபத்திலும் நட்டத்திலும் 25 வீதம் அதற்கு. அதே கணக்கில் 60,000 க்கு 97,500 திருப்ப வேண்டும். பங்கு வீதம் போட்ட வீதத்தை விடப் பெரிது என்பதைப் பாருங்கள்.

ஏற்கெனவே வீடு உள்ளவர்களுக்குக் கையில் காசு தந்து எதிர்காலப் பெறுமதியில் பங்கு கேட்கும் ஒப்பந்தங்கள் இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டியவை. ‘இது கடன் அல்ல, வட்டி இல்லை’ என்பதே அவற்றின் விளம்பரம். 2025 ஜனவரியில் பெடரல் நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்பு இவை பற்றி எச்சரித்தது. அடுத்த மாதம் மசசூசெட்ஸ் சட்டமா அதிபர் இத்தகைய நிறுவனம் ஒன்றுக்கு எதிராக வழக்குத் தொடர்ந்தார். லண்டனில் உள்ள உறவுகளைக் கேட்டால் பழைய கதை ஒன்று சொல்வார்கள். 1996 முதல் 1998 வரை அங்கே இரண்டு பெரிய வங்கிகள் வட்டியில்லாக் கடன் என்று வீட்டுப் பெறுமதியில் 25 வீதம் வரை கொடுத்து, பின்னைய ஏற்றத்தில் 75 வீதம் கேட்டன. விலை பல மடங்கு ஏறியபோது, முதுமையில் சின்ன வீட்டுக்குக்கூட மாற முடியாமல் பலர் மாட்டிக்கொண்டார்கள்.

எழுத வேண்டியவை

வாங்கும் முன் இருவரும் ஒரு மேசையில் இருந்து பின்வருவனவற்றுக்கு விடை எழுதுங்கள்.

1. யார் எவ்வளவு போட்டார், உறுதியில் யாருக்கு எத்தனை வீதம்.
2. தவணை, வரி, காப்புறுதி யார் கட்டுவது. கட்டத் தவறினால் எத்தனை நாள் அவகாசம்.
3. சிறு திருத்தம் யாருக்கு, கூரை, ஹீற்றர் போன்ற பெரிய செலவு யாருக்கு. குசினியைப் புதுப்பித்தால் அந்தக் காசு கணக்கில் வருமா.
4. எத்தனை வருடத்தின் பின் கணக்கு முடிப்பது. விலையை யார் மதிப்பிடுவது.
5. இலாபம் எப்படி, நட்டம் எப்படி.
6. ஒருவர் விற்க விரும்பினால் மற்றவருக்கு முதலில் வாங்கும் உரிமை, எத்தனை நாளுக்கு.
7. மரணம், விவாகரத்து, வேலை இழப்பு, ஒருவர் மேல் வழக்குக் கடன் வந்தால் என்ன செய்வது.

ஒப்பந்தத்தை அந்த மாநிலச் சட்டத்தரணி எழுத வேண்டும். இருவருக்கும் வெவ்வேறு சட்டத்தரணி இருப்பது நல்லது. செலவு சில ஆயிரம் டொலர் வரலாம். இருவருடைய கணவன் மனைவியும் அதை வாசித்திருக்க வேண்டும், ஏனெனில் நாளை கேள்வி கேட்கப் போவது அவர்கள்தான்.

‘கூடப் பிறந்தவனிடம் எழுதி வாங்குவதா, அது நம்பிக்கையீனம் இல்லையா’ என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். 1995 ஒக்ரோபர் 30 இல் வலிகாமமே எழும்பி நடந்தபோது, நகையை விட்டாலும் காணி உறுதியை விடாமல் பையில் சுற்றிக்கொண்டு வந்தவர்கள் எமது பெற்றோர். எழுத்து எவ்வளவு பெறுமதியானது என்பது அவர்களுக்குத் தெரியும். அந்த உறுதிகளில் அண்ணன் தம்பிமாரின் பங்குகள் கிணற்றுப் பங்குவரை எழுதப்பட்டிருந்தன. அப்படி எழுதியதால் எவருடைய பாசமும் குறையவில்லை. யார் எத்தனை மணிக்குத் தண்ணீர் இறைப்பது என்று சண்டை வராமல் பாதுகாத்ததும் அந்த எழுத்துத்தான்.